சிங்கப்பூருக்கு மூன்று மொட்டைகள்

எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் எல்லாருமே சம்பாதிக்கப் போனவர்கள். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போன முதல் குடும்பம் எங்களுடையதுதான். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் மழமழவென்று மொட்டையடித்துக்கொண்டு எட்டு நாள் சிங்கப்பூர் போய் வந்தோம். போய் வந்து பெருமையடித்துக்கொள்ள வேண்டிய நான், அந்தப் பயணத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் குடும்பம் எங்களுடையது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் அப்பாவுக்கு வீடு வாசல் மறந்துபோகும். அப்படிப்பட்டவர் அந்த வருஷம் உத்தரவைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறக் கிளம்பினார். “வெட்ற நேரத்துல சிங்கப்பூர் இன்னாத்துக்குப்பா?” என்று டீக்கடையில் கேட்டார்கள். அப்பா சிரித்துவிட்டு வந்துவிட்டார். சிரிப்பதற்கு அவருக்கு அப்போது ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போகக் காரணம் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. அவர்களுடைய அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் சித்தியை வளர்த்தது என் அம்மாதான். கல்யாணம் ஆகும்வரை சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள் வேலை. இழுத்துப் பின்னுவாள், கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் மாலைவரை ஒரு முடி கலையாது. சித்தப்பாவோடு சிங்கப்பூர் போன பிறகு மூன்று முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. நான்காவது தங்கி ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. விமானம் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். வளையல் போடத் தாய்வீட்டிலிருந்து யாராவது போக வேண்டும். தாய் என்று இருந்தது அம்மா ஒருத்திதான்.

அந்த அம்மாவுக்கோ அதே வருஷம் மார்பில் கட்டி. அறுத்து எடுத்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாள். கீமோ என்ற சொல் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. ‘புதுச்சேரி ஊசி’ என்றுதான் சொல்வோம். ஊசி போட்ட முதல் வாரம் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இரண்டாவது வாரம் எழுந்து உட்காருவாள். மூன்றாவது வாரம் சோறு வடித்து, எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி, கிட்டத்தட்டப் பழைய அம்மாவாகிவிடுவாள். அதற்குள் அடுத்த ஊசிக்கு நாள் வந்துவிடும். அந்த ஒரு மூன்றாவது வாரத்தைத் தனக்குத் தரச் சொல்லித்தான் அவள் டாக்டரிடம் கேட்டாள். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு அவர் சம்மதித்தார். கூட்டத்துக்குள் போகக் கூடாது, காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும், காய்ச்சல் அடித்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அப்பா சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்று, சித்திக்குத் தெரியக் கூடாது. மூன்று முறை கலைந்த வயிறு, கெட்ட சேதி கேட்டால் இதுவும் நிற்காது என்று அம்மா உறுதியாக நம்பினாள். ஆனால் தலைமுடியெல்லாம் கொட்டிப்போய் முந்தானையைப் போர்த்திக்கொண்டு திரிந்தவள் தங்கை முன்னால் எப்படிப் போய் நிற்பது? அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள்.

“நா மட்டும் மொட்டையா போய் நின்னா இன்னான்னு கேப்பா. குடும்பத்தோட போட்டுக்கினு போனா வேண்டுதல்னு வுட்டுடுவா.”

சித்திக்குக் குழந்தை தங்கினால் குடும்பத்தோடு முடி இறக்குகிறேன் என்று குலசாமியிடம் வேண்டிக்கொண்டதாகச் சொல்லிவிட வேண்டியது. கேட்டால் அவள் குளிர்ந்துபோவாள். சொல்கிற பொய்யிலும் தங்கைக்கு ஒரு சீர் வைக்க அம்மாவால் முடிந்தது.

அப்பா தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. என் சடை அப்போது இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் பாதியில் ஜீப்பை விட்டு இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் குலசாமி கோவில் வரும். முடி இறக்குபவர் முதலில் அப்பாவை முடித்துவிட்டு என்னை உட்கார வைத்தார். நான் அழுத அழுகையில் கொல்லையில் இருந்தவர்கள் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் அம்மா உட்கார்ந்து முந்தானையை எடுத்தாள். அங்கங்கே நாலு கொத்து முடி, அவ்வளவுதான். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தலை முழுக்கத் தண்ணீர் தடவி, எனக்கு எடுத்துக்கொண்ட நேரத்தையே அவளுக்கும் எடுத்துக்கொண்டு, பிடரியிலிருந்து நெற்றிவரை கத்தியை நிதானமாக ஓட்டினார். கீழே என் முடி குவியலாகக் கிடந்தது. அம்மா பக்கத்தில் தரை காலியாக இருந்தது. ‘எங்கிட்ட மட்டும் ஜாஸ்தி எடுத்துட்டாங்க’ என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுதேன்.

இறங்கி வரும்போது ஜீப்பில் அம்மா என் சந்தனத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள். “சித்தி கிட்ட ஊசி பத்தி, ஆஸ்பத்திரி பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது கண்ணு. நீ வாயத் தொறந்தா அவ வயித்துல கீற பாப்பாவுக்கு ஆவாது.”

பயமுறுத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். என் வாயிலிருந்து ஒரு சொல் தவறினால் ஒரு பாப்பா செத்துப்போகும். பத்து வயதில் அதைவிடப் பெரிய பாரம் எதையும் நான் தூக்கியதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் என் தலைத் துண்டை இழுத்து விளையாடினார்கள். எதற்கு மொட்டை என்று கேட்டதற்கு வேண்டுதல் என்றேன். என்ன வேண்டுதல் என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து மதியச் சோற்றை வேப்பமரத்தடியில் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, முகம் துடைத்த துண்டோடு அம்மாவின் புருவமும் வந்துவிட்டது. தலையைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள் புருவத்தை யோசிக்கவில்லை. குடும்பத்தையே மலையேற்றி மொட்டையடித்தாகிவிட்டது. ஆனால் புருவத்தைக் காணிக்கையாகக் கேட்கிற சாமி கல்வராயன் மலையில் எந்த மூலையிலும் கிடையாது. அம்மா கள்ளக்குறிச்சி கடைத்தெருவிலிருந்து கண்மை வாங்கிவரச் செய்து, தீக்குச்சி முனையில் தொட்டு இரண்டு கோடு வரைந்தாள். அப்பா தள்ளி நின்று, கரும்பு நட்ட பார் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “எடது பக்கம் கொஞ்சம் கம்மி,” என்றார். ஊசி மருந்தில் கறுத்துப்போயிருந்த நகங்களை மறைக்கப் பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டாள்.

திருச்சியில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கினோம். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் விரித்து வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் மூன்று பேருக்கும் கரும்புத் தோட்டம்போல முடி. எதிரே மூன்று மொட்டை. “கோயிலா?” என்று தமிழிலேயே கேட்டார். அப்பா ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததைக் கொட்டிவிட்டார். “வேண்டுதலுங்க. கொழுந்தியாளுக்குக் கொழந்த தங்கணும்னு வேண்டிக்கினோம். தங்கிடுச்சிங்க.” அந்த அம்மா சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எங்கள் பொய் முதல் எல்லையைத் தாண்டிவிட்டது.

வெளியே சித்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நான் அப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவள் அம்மாவின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தினாள். கட்டைவிரல் இரண்டும் மெதுவாக நெற்றியிலிருந்து கன்னத்துக்கு வழித்துக்கொண்டு வந்தன. பிறகு அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

“இன்னாக்கா இது, குடும்பமே மொட்டையா வந்து நிக்கிறீங்க?” என்று சத்தமாகச் சிரித்தாள்.

அம்மா வேண்டுதல் கதையைச் சொன்னாள். சித்தி கேட்டுக்கொண்டே கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். துப்பட்டாவில் கறுப்பாக இரண்டு தீற்றல். “எனக்காவாக்கா?” என்று கேட்டு அழுதாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால், தப்பித்தோம் என்றார்.

அந்த எட்டு நாளையும் கெடுத்தது சித்திதான் என்று வெகுகாலம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூண்டில்லாத மிருகக்காட்சிசாலை இருக்கிறது, ராத்திரியில் நிறம் மாறும் தண்ணீர் இருக்கிறது என்று சித்தப்பா ஆசை காட்டியிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. எங்கே கிளம்பினாலும் பத்தடி நடப்பதற்குள் சித்திக்குக் கால் வலித்துவிடும். “என்னால முடியலக்கா, கொஞ்சம் உக்காரலாம்,” என்பாள். எல்லாரும் உட்காருவோம். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா, “மாசமா கீறவளாச்சே, உக்காரு உக்காரு,” என்று அவள் காலைப் பிடித்துவிடுவாள். அரைமணி நேரம் கழித்து அம்மா எழுந்தால்தான் சித்தியும் எழுவாள். மிருகக்காட்சிசாலைக்கு என்று கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தத்தோடு திரும்பினோம்.

வீட்டிலும் அப்படித்தான். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். பழமெல்லாம் தோல் சீவித்தான் வந்தது. எதிர்வீட்டு அம்மாள் பலகாரத் தட்டோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, “புள்ளத்தாச்சிங்க, எனக்குச் சளி ஒட்டிக்கும்,” என்று கதவைச் சாத்தினாள். பழைய சித்தி இப்படி இல்லை. மழையில் நனைந்துகொண்டு மாங்காய் பொறுக்கியவள். பணமும் வயிறும் வந்ததும் கொழுப்பு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மத்தியானத்தில் எல்லாரும் படுத்துவிடுவார்கள். நான் பதினோராவது மாடி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்தில் வெளியே செருகிய கம்புகளில் தொங்கும் துணிகளைப் பார்ப்பேன். அவ்வளவு வீடுகளில் ஒருவரும் வெளியே தலை நீட்டவில்லை. எனக்குப் பேச வேண்டும்போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் என்ன செய்தார்கள் என்று, அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது எனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று. சொல்லக்கூடிய ஒரே ஆள் அடுத்த அறையில் தூங்குகிறாள். அவளிடம்தான் சொல்லக் கூடாது. எதைச் சொன்னால் எது வெளியே வரும் என்று தெரியாததால் சித்தியிடம் எதையுமே பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சாப்பிட்டாயா என்றால்கூடத் தலையைத்தான் ஆட்டினேன்.

ஒரு நாள் ரொட்டி வாங்க என்னை மட்டும் கூட்டிக்கொண்டு சித்தி லிப்டில் இறங்கினாள். கதவு மூடியதும் என் தலையில் கையை வைத்தாள். பத்து நாள் முடி முள்ளாக முளைத்திருந்தது.

“எங்கூட பேச மாட்டியா? சித்தி மேல கோவமா?”

உதட்டைக் கடித்துக்கொண்டேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவளுடைய வயிறு என் முகத்துக்கு நேராக இருந்தது. உள்ளே இருக்கிற பாப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதாகப் பட்டது. எண்கள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன.

“வேணாம் வுடு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்றாள் சித்தி.

கதவு திறந்தது. அவ்வளவுதான், சித்திக்கு இனி நான் வேண்டாம், அவளுக்கென்று பாப்பா வரப்போகிறது என்று நினைத்தேன். ரொட்டிக் கடைவரை நான் அவளுக்கு இரண்டடி பின்னால்தான் நடந்தேன்.

ஐந்தாம் நாள் வளையல் போட்டோம். கள்ளக்குறிச்சியிலிருந்து துண்டில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கண்ணாடி வளையல்கள். அம்மாவின் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அவள் எதைப் பிடித்தாலும் நழுவும். இரண்டாவது வளையலே சித்தியின் மணிக்கட்டில் பட்டென்று உடைந்தது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வளைகாப்பில் வளையல் உடையலாமா?

“என் கைதான் வீங்கிக் கெடக்கு, நீ இன்னா பண்ணுவ,” என்று சொல்லிவிட்டுச் சித்தி தன் கையையே குவித்து அம்மாவின் விரல்களுக்குள் நுழைத்து மீதியைப் போட்டுக்கொண்டாள். ஒருத்தி போடுகிறாளா இன்னொருத்தி போட்டுக்கொள்கிறாளா என்று தெரியாமல் நான்கு கைகள் சேர்ந்து அந்த வேலையைச் செய்து முடித்தன.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கடற்கரைக்குப் போனோம். அங்கே மட்டும் சித்திக்குக் கால் வலிக்கவில்லை. ஏனென்றால் போனதும் உட்கார்ந்துவிட்டோம். கூட்டமில்லாத மணல். தூரத்தில் வரிசையாகக் கப்பல்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுக்கு இறங்கினாள். சிரித்தாள். புதுச்சேரியில் எத்தனையோ முறை கடலுக்கு அருகில் போய் வந்திருக்கிறாள், ஒரு தடவையும் கடலைப் பார்த்ததில்லையாம். அம்மாவோடு நான் கடலில் நின்றது அந்த ஒரு முறைதான்.

ஒரு அலை ஏமாற்றி வந்து அவள் முகத்தில் அடித்தது. இரண்டு கையாலும் முகத்தை வழித்துக்கொண்டு திரும்பினாள். புருவம் இல்லை. கன்னத்தில் கறுப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. தலையிலும் ஒன்றுமில்லாமல், முகத்திலும் ஒன்றுமில்லாமல் அவள் எனக்கே யாரோபோல இருந்தாள்.

மணலில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சித்தியும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, முழு உடம்பையும் மறுபுறம் திருப்பி உட்கார்ந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கப்பல்களை விரலால் எண்ண ஆரம்பித்தாள். சத்தமாக எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்பா மை டப்பாவோடு ஓடிவந்தார். தீக்குச்சி கிடைக்கவில்லை, விரலாலேயே இழுத்துவிட்டார். ஒன்று மேலே போயிற்று, ஒன்று கீழே. சரி செய்து முடிக்கிறவரைக்கும் சித்தி எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பது கப்பல் தாண்டிப் போனது கணக்கு. அவ்வளவு கப்பல் அங்கே இல்லை.

அக்கா அலையில் தடுமாறி நிற்கிறாள், இவள் கப்பல் எண்ணுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் சித்தி ஊட்ட வந்த சோற்றைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் விமான நிலையத்திலும் அவளுக்கு நான் முத்தம் கொடுக்கவில்லை. அவள் என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அம்மாவின் கைப்பையை வாங்கி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. நடுவில் வயிறு இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

விமானம் கிளம்பியதும் அம்மா மாத்திரை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். பையின் பக்கவாட்டு அறையில் உறை பிரிக்காத மூன்று பென்சில்களும், விரல் நுனி அளவில் ஒரு ஷார்ப்னரும் இருந்தன.

“இது இன்னாம்மா?”

“புருவம் எழுதற பென்சில்.”

“சித்தியோடதா? மறந்துபோய் நம்ம பையில வச்சிடுச்சா?”

அம்மா பென்சில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆமா. மறந்துட்டா போல.”

“சித்திக்குத்தான் புருவம் அவ்ளோ அடர்த்தியா கீதே. அதுக்கு எதுக்கு மூணு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கையை விட்டு வருகிற துக்கம் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. அவளைத் தேற்ற என்னிடம் நல்ல சேதி ஒன்றே ஒன்று இருந்தது. எட்டு நாளாகக் காத்து வைத்திருந்ததை அவள் காதில் சொன்னேன்.

“அழாதம்மா. நா சித்தி கிட்ட ஒண்ணுமே சொல்லல. கேட்டுச்சி, அப்பகூட சொல்லல.”

அம்மா திரும்பி, என் முள்தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தெரியும் கண்ணு. நீ ஒண்ணும் சொல்லல.”

அந்த மடியில், அந்தப் பாப்பாவைக் காப்பாற்றியது நான்தான் என்ற நினைப்போடு, திருச்சி வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.